ஒரே முள், இரண்டு அடுப்பு

வெள்ளாட்டுக் கிடா ஒன்றை உரித்தால் பத்துப் பன்னிரண்டு கிலோ கறி தேறும். விடியற்காலையில் வெட்டி, வெள்ளாடுதான் என்பதற்குச் சாட்சியாக வாலை மட்டும் விட்டுவைத்துக் கொக்கியில் மாட்டினால், ஞாயிற்றுக்கிழமையில் முன்மதியத்துக்குள் கொக்கி காலி. கொழுத்த மாடு ஒன்றை வெட்டினால் இருநூறு கிலோவுக்கு மேல் கறி கிடைக்கும். அதை ஒரு சின்ன ஊர் ஒரே காலையில் தின்று தீர்க்க முடியாது. மதுரைச் சுக்காவுக்கும் டெக்சஸ் பார்பக்யூவுக்கும் உள்ள வேறுபாட்டில் முக்கால்வாசி இந்த எடைக்கணக்கிலேயே இருக்கிறது என்பது என் கட்சி. மசாலா, ருசி, பண்பாடு என்றெல்லாம் பேசுவது அதற்குப் பிறகுதான்.

எங்கோ இருக்கிற இரண்டை எதற்காகப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று கேட்கலாம். பார்பக்யூவின் ஊர் என்று டெக்சஸ்காரர்கள் கொண்டாடுகிற லாக்ஹார்ட், ஆஸ்டின் நகரத்துக்குத் தெற்கே சுமார் ஐம்பது கிலோமீட்டரில் இருக்கிறது. அந்த மாநிலத்தின் சட்டமன்றமே 1999இல் தீர்மானம் போட்டு அதற்குத் தலைநகர்ப் பட்டம் கொடுத்தது. ஊர் இருப்பது கருங்களிமண் சமவெளியின் ஓரத்தில். நம்மூர் விவசாயி ஒருவரைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தினால், குனிந்து ஒரு கட்டியை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டுக் கரிசல் என்று சொல்லிவிடுவார். மழையில் காலைக் கவ்வும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் மண். திருமங்கலம் தாண்டிக் கள்ளிக்குடி, விருதுநகர் என்று போகிற வழியில் இரண்டு பக்கமும் கிடப்பதும் அதே வகைதான். அங்கேயும் பருத்தி, இங்கேயும் பருத்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் லாக்ஹார்ட் சுற்றுவட்டாரத்தில் பருத்தி எடுக்கும் கூலிகள் குவிந்துகொண்டிருந்தபோது, மதுரையில் ஹார்வி மில் ஓடத் தொடங்கியிருந்தது.

மண்ணும் பருத்தியும் போக, முள்ளும் பொருந்துகிறது. மதுரைக்குத் தெற்கிலும் கிழக்கிலும் கண்மாய்களையும் தரிசுகளையும் வளைத்துக்கொண்ட சீமைக் கருவேலம் அமெரிக்கக் கண்டத்து மரம். டெக்சஸ்காரர்கள் மெஸ்கீட் என்று சொல்லும் மரம் அதற்குப் பங்காளி முறை. தாவரவியலார் இரண்டையும் நெடுங்காலம் புரோசோபிஸ் என்ற ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். அங்கே மேய்ச்சல் நிலத்தை அழிக்கிறது என்று பண்ணைக்காரர்கள் அதைத் திட்டுகிறார்கள். இங்கே நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று வழக்கு நடந்து, 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்னது. பிறகு அதற்குத் தடையும் வந்தது. இத்தனை திட்டு வாங்கியும் அந்த மரம் டெக்சஸில் சாப்பாட்டின் ருசிக்குள் நுழைந்துவிட்டது. இங்கே அடுப்புக்கு அடியிலேயே நின்றுவிட்டது.

லாக்ஹார்ட்டில் சார்லஸ் க்ராய்ட்ஸ் 1900இல் நடத்தத் தொடங்கியது ஹோட்டல் அல்ல, கறிக்கடை. ஜெர்மனியிலிருந்தும் செக் நாட்டுப் பகுதிகளிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் மத்திய டெக்சஸ் முழுக்க இப்படிக் கறிக்கடை போட்டார்கள். மாட்டின் நல்ல பாகங்கள் காசுள்ளவர் வீட்டுக்குப் போய்விடும். நெஞ்சுப் பகுதியும் தோள்பட்டையும் விற்காமல் கிடக்கும். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலம். சொந்த ஊரில் செய்து பழகியபடி மிச்சத்தை அரைத்துக் குடலில் அடைத்துப் புகையில் போட்டார்கள், முழுத் துண்டுகளையும் போட்டார்கள். அதை வாங்கித் தின்றவர்கள் பருத்தி எடுக்க வந்த கறுப்பினத்தவரும் மெக்சிகோக்காரர்களும். கறி மடித்துக் கொடுக்கிற காகிதமே தட்டு. தொட்டுக்கொள்ள உப்பு பிஸ்கெட்டும் பச்சை வெங்காயமும், அதுவும் கடையில் இருந்தால். விற்காத கறி வீணாகக் கூடாது என்ற கவலையில் பிறந்த சமையல் அது.

மாட்டின் நெஞ்சுக்கறியை அங்கே பிரிஸ்கெட் என்பார்கள். மாடு தன் பாரத்தில் பெரும்பங்கைத் தாங்குவது அந்தத் தசையில்தான் என்பதால் நார் நாராக, தோல் வாரைப் போல முறுக்கேறி இருக்கும். வாணலியில் போட்டு வறுத்தால் பல்லுக்கு மசியாது. ஒரு துண்டே ஐந்து, ஆறு கிலோ. உப்பும் மிளகும் தவிர வேறொன்றும் பூசுவதில்லை. நெருப்பு ஒரு மூலையில் எரிய, கறி தள்ளி இன்னொரு மூலையில் கிடக்க, 110 முதல் 130 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டுப் புகை அதன்மேல் ஊர்ந்து போகும். பன்னிரண்டு மணி நேரமும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். நடுவில் கறியின் உட்சூடு எழுபது டிகிரியை நெருங்கியதும் ஏறாமல் அப்படியே நின்றுவிடும். மேலே கசிகிற ஈரம் ஆவியாகிச் சூட்டைக் கொண்டுபோய்விடுவதால் வருகிற நிறுத்தம் இது. புதிதாகச் செய்கிறவர்கள் இந்த இடத்தில்தான் பதறி விறகை அள்ளிப் போட்டுக் கெடுப்பார்கள். அனுபவசாலி பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். உட்சூடு 95ஐத் தொடும்போது நார்களைக் கட்டியிருந்த கொலாஜன் இளகிக் கூழாகிவிடும். கத்தி வைத்தால் துண்டு வளையும், இரண்டு விரலால் இழுத்தால் பிரியும். மத்திய டெக்சஸில் இதற்கு ஓக் விறகுதான். மெஸ்கீட் மேற்கிலும் தெற்கிலும் எரிகிறது. அதன் புகை அதிக நேரம் பட்டால் கறி கசந்துவிடும் என்பதால் மேற்கே அதைத் தணலாக்கி, நேரே மேலே கறியைப் போட்டுச் சீக்கிரம் எடுத்துவிடுவார்கள்.

மதுரைக்கு வருவோம். இங்கே ராத்திரி முழுக்கக் காத்திருக்க யாருக்கும் அவசியம் இல்லை. ஆடு சின்னது, கூட்டம் பெரியது. திருமங்கலத்தில் வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தை. வாங்கிய ஆடு சனி, ஞாயிறுக்குள் தெருத்தெருவாகப் பிரிந்துவிடும். தொடை, நெஞ்செலும்பு, கழுத்துக்கறி என்று கேட்டு வாங்குகிறவர் ஒரு பக்கம். உதிரி பாகங்களுக்கு முதல் நாளே சொல்லிவைத்திருப்பவர் இன்னொரு பக்கம். ஈரல் பிள்ளைகளுக்கு. சுவரொட்டி ரத்தம் ஊறும் என்ற நம்பிக்கையில் மாசமான பெண்ணுக்கு. மூளை முட்டையோடு. குடல், மறுநாள் காலை இட்லிக்குக் குழம்பாக. தலையும் காலும் சூப்புக்கு, ரத்தம் பொரியலுக்கு. நல்லி எலும்பை உறிஞ்சுவது வீட்டு வழக்கம் என்றால், அந்த மஜ்ஜையைத் தனியே எடுத்து ஆம்லெட்டில் போட்டுக் காசாக்கியது தல்லாகுளம் அம்மா மெஸ் போன்ற கடைகளின் கெட்டிக்காரத்தனம். லாக்ஹார்ட் கறிக்கடைக்காரருக்கு இருந்த மிச்சம் என்ற பிரச்சினையே மதுரைக் கறிக்கடைக்காரருக்கு இல்லை. அதனால் கறியைக் காப்பாற்றப் புகை தேவைப்படவில்லை.

அப்படியும் மீந்தால்? வெயில் இருக்கிறது. கறியை நீளவாட்டில் வகுந்து, உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்து மொட்டைமாடியில் கட்டினால் உப்புக்கண்டம். இந்தச் சமவெளியில் அடுப்பைவிட நம்பகமானது சித்திரை வெயில். காசு கேட்காது, விறகு கேட்காது, பக்கத்தில் காவல் இருக்கவும் வேண்டாம். காக்கையை மட்டும் விரட்டினால் போதும். காய்ந்த கண்டத்தை எண்ணெயில் பொரித்துப் பழைய சோற்றுக்குக் கடித்துக்கொண்ட தலைமுறை இன்னும் உயிரோடிருக்கிறது. ஹோட்டல்கள் மட்டும் அதைக் கிட்டத்தட்டக் கைவிட்டுவிட்டன. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஒப்பிட வேண்டுமென்றால் டெக்சஸ் பார்பக்யூவுக்கு நேர் நிற்க வேண்டியது சுக்கா அல்ல, உப்புக்கண்டம்தான். இரண்டும் கெட்டுப்போவதற்கு எதிராகக் கண்டுபிடித்தவை.

சுக்கா வேறு அவசரத்தின் பிள்ளை. எலும்போடோ இல்லாமலோ கறியைச் சுண்டுவிரல் கணு அளவுக்கு நறுக்கி, மஞ்சளும் இஞ்சி பூண்டும் போட்டு முக்கால் வேக்காடு வேகவைத்து எடுத்துவைப்பார்கள். ஆர்டர் வந்ததும் கனத்த இரும்புக் கல்லில் நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், கருவேப்பிலை. வெந்த கறியை அதன் தண்ணீரோடு கொட்டி, மிளகாய்த்தூள், மிளகு. தண்ணீர் சுண்டச் சுண்டக் கரண்டியால் கல்லைச் சுரண்டி அடியில் பிடித்ததை மறுபடி கறியோடு சேர்ப்பதில்தான் மாஸ்டரின் கைத்திறன் இருக்கிறது. அடிப்பிடிப்பதற்கும் கருகுவதற்கும் நடுவில் அரை நிமிஷம்தான் இருக்கும். டெக்சஸில் பன்னிரண்டு மணி நேரமாகப் பரப்பிவைத்திருக்கிற நிதானத்தை இங்கே அந்த அரை நிமிஷத்தில் அடக்க வேண்டியிருக்கிறது. டெக்சஸ் துண்டின் வெளிப்புறத்தில் கறுத்துத் திரண்டு நிற்கும் பொறுக்கைக்கு அங்கே தனி மரியாதை. அந்தப் பக்கம் கிடைக்குமா என்று கேட்டு வாங்குவார்கள். சுக்காவில் எல்லாத் துண்டுக்கும் எல்லாப் பக்கமும் பொறுக்கைதான். சிறிதாக நறுக்குவதன் லாபம் அது.

சிம்மக்கல் கோனார் கடையின் கறிதோசையில் இந்தக் கல் இன்னும் வெளிப்படையாகப் பேசும். கனமாக ஒரு தோசை. அது வேகும்போதே அடித்த முட்டையை மேலே ஊற்றிப் பரப்புகிறார்கள். அதற்குமேல் ஏற்கெனவே மசாலாவில் வெந்த கொத்துக்கறியை அள்ளி வைத்துக் கரண்டியின் முதுகால் அழுத்தி, எண்ணெய் விட்டுத் திருப்பிப் போடுகிறார்கள். கறி கல்லைத் தொட்டுச் சுள்ளென்று முறுகும்போது முட்டை நடுவில் பசையாக இருந்து இரண்டையும் பிடித்துக்கொள்ளும். மூன்று அடுக்கு, ஆளுக்கு ஒன்றே அதிகம். இலையில் வந்ததும் குழம்பை ஊற்றி நனைத்துவிடுவார்கள். முறுகலை இவ்வளவு பாடுபட்டு உண்டாக்கிவிட்டுக் குழம்பில் ஏன் முக்க வேண்டும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். நனைகிற நேரத்துக்குள் தின்று முடிக்காதது அவர்கள் குற்றம்.

இந்தக் கடைகளுக்கு உயிர் வருவது பொழுது சாய்ந்த பிறகு. மில் ஷிப்டு விட்டு வருகிறவர், மார்க்கெட்டில் லாரி இறக்குகிறவர், இரண்டாம் ஆட்டம் முடிந்து வருகிறவர் என்று இரவுக்கென்றே ஒரு கூட்டத்தை மதுரை எப்போதும் வைத்திருந்தது. நாளங்காடி, அல்லங்காடி என்று பகலுக்கும் இரவுக்கும் தனித்தனிக் கடைத்தெரு இருந்ததை மதுரைக்காஞ்சியே சொல்கிறது. டெக்சஸ் இதற்கு நேர் எதிர். ராத்திரி விழிப்பது நெருப்பும் அதைப் பார்த்துக்கொள்பவரும் மட்டுமே. பல கடைகளில் சாப்பிடுகிறவர் காலையிலிருந்து மதியத்துக்குள் வர வேண்டும், கறி தீர்ந்தால் கதவு சாத்தப்படும். லெக்சிங்டன் என்ற சின்ன ஊரின் ஸ்னோஸ் கடை சனிக்கிழமை மட்டும், காலையில் திறக்கிறது. 2008இல் டெக்சஸ் மந்த்லி இதழ் அதை மாநிலத்திலேயே முதலாவது என்று எழுதிய பிறகும் அது இன்னொரு நாள் கூடுதலாகத் திறக்கவில்லை. தீர்ந்துவிட்டது என்று சொல்வது அங்கே கௌரவம். மதுரையில் இரவு பத்து மணிக்கு ஈரல் இல்லை என்று சொன்னால் அது கடைக்காரருக்கு அவமானம். 'இப்ப வந்துரும்ணே, உக்காருங்க' என்றுதான் பதில் வரும்.

விற்கும் முறையிலும் ஒரு வினோதமான தலைகீழ் உண்டு. லாக்ஹார்ட்டில் வெட்டுமேடைக்கு முன்னால் வரிசையில் நின்று, இவ்வளவு எடை என்று சொல்லி வாங்க வேண்டும். நிறுப்பது கறியை மட்டும். ரொட்டி பேச்சில்லாமல் வரும். க்ராய்ட்ஸ் மார்க்கெட்டில் முள்கரண்டியும் கிடையாது, சாஸும் கிடையாது என்பது நெடுங்காலம் பேர்போன விதியாக இருந்தது. கையால் சாப்பிடுவதை ஒரு கொள்கையாகவே வைத்திருந்த அமெரிக்கக் கடை அது. நம் ஆள் அங்கே சங்கோஜப்பட வேண்டியதில்லை. மதுரை மெஸ்ஸில் உட்கார்ந்த இடத்துக்குப் பெரிய தாம்பாளம் வரும். அதில் சின்னச் சின்னத் தட்டுகளில் சுக்கா, ஈரல், கோலா உருண்டை, மூளை, காடை. பார்த்து, விரலால் காட்டி எடுத்துக்கொள்ளலாம். எடுத்ததற்குக் காசு. சோற்றுக்குக் கணக்கில்லை. கறிக்குழம்பு, கோழிக்குழம்பு, மீன்குழம்பு என்று வாளி வாளியாக ஊற்றுகிறார்களே, அதற்கும் கணக்கில்லை. ஆட்டின் பத்துக் கிலோவை இருநூறு இலைக்குக் கொண்டுசேர்ப்பது அந்தக் குழம்பு. கறித்துண்டு விழாத இலையிலும் கறியின் வாசனை இருக்கும். சாஸ் கேட்டால் கறியை அவமதிப்பதாக நினைத்துவந்த லாக்ஹார்ட்டுக்கு இதைப் புரியவைப்பது சிரமம். அங்கே கறி ஏராளம், எனவே குழம்பு அநாவசியம்.

பெயர் விஷயத்தில் மதுரைப் பக்கத்துக் கதைதான் எனக்கு அதிக வியப்பு. கள்ளிக்குடி அருகே உள்ள வடக்கம்பட்டியில் முனியாண்டி சாமி இருக்கிறார். அந்த ஊர்க்காரர் ஒருவர் 1930களில் பிழைப்புத் தேடிக் காரைக்குடிக்குப் போய்ச் சாமி பெயரில் சாப்பாட்டுக் கடை போட்டார். கடை ஓடியது. உறவினர் ஒவ்வொருவராக ஒவ்வோர் ஊரில் அதே பெயரில் போட்டார்கள். இன்று தமிழ்நாட்டிலும் அதற்கு வெளியிலும் முனியாண்டி விலாஸ் இல்லாத பேருந்து நிலையத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தலைமை அலுவலகம் இல்லை, பெயருக்கு உரிமத் தொகை இல்லை, ஒரே மாதிரி சுவை வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நாளின் முதல் வாடிக்கையாளர் தருகிற பணத்தைச் சாமிக்கென்று எடுத்துவைக்கிறார்கள். அது சேர்ந்து தை மாதம் நாயுடுமார் திருவிழாவுக்கும் மாசியில் ரெட்டியார் திருவிழாவுக்கும் வருகிறது. ஊர் ஊரிலிருந்து ஹோட்டல்காரர்கள் கூடி, நேர்ந்துவிட்ட கிடாய்களையும் சேவல்களையும் வெட்டி, இரவோடு இரவாக அண்டா அண்டாவாகப் பிரியாணி போட்டு, விடிந்ததும் வந்தவருக்கெல்லாம் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். தூக்குவாளியோடு வருகிற கூட்டத்தில் எந்த ஊர், என்ன ஆள் என்று யாரும் கேட்பதில்லை.

க்ராய்ட்ஸ் மார்க்கெட்டில் நடந்தது ஒரு குடும்பச் சண்டை. கடையை வாங்கி நடத்திய குடும்பத்தில் கட்டடம் மகளுக்கும் கடைப்பெயர் மகனுக்கும் வந்தது. ஒத்துப்போகவில்லை. 1999இல் மகன் பெயரை எடுத்துக்கொண்டு சற்றுத் தள்ளிப் புதிதாகக் கட்டிய கட்டடத்துக்குப் போனபோது, பழைய அடுப்பிலிருந்து தணலை ஒரு தொட்டியில் அள்ளிச் சாலை வழியே இழுத்துக்கொண்டு போய்ப் புது அடுப்பை மூட்டினார். மகள் பழைய கட்டடத்திலேயே ஸ்மிட்டிஸ் மார்க்கெட் என்று பெயர் வைத்து நடத்தினார். நம் பக்கத்தில் குலசாமியை வேற்றூரில் நிறுத்த வேண்டுமென்றால் பழைய கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப் போவார்கள். தணல் எடுத்துப்போன அந்த டெக்சஸ்காரருக்குப் பிடிமண்ணைப் பற்றித் தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் செய்தது அதைத்தான். வித்தியாசம், அங்கே பெயர் சொத்து, நீதிமன்றம் வரை போகக்கூடியது. இங்கே பெயர் சாமியுடையது. சாமி இதுவரை யார் மேலும் வழக்குப் போடவில்லை.

ஹோட்டலுக்கு முன்னால் இரண்டும் விழாச் சாப்பாடாகத்தான் இருந்தன. 1865 ஜூன் 19 அன்று டெக்சஸில் அடிமைகளுக்கு விடுதலை அறிவிக்கப்பட்டது. அந்த நாளைக் கறுப்பினத்தவர் ஆண்டுதோறும் பார்பக்யூ போட்டுக் கொண்டாடினார்கள். பொது இடங்களில் கூடவிட மாட்டார்கள் என்பதால் 1872இல் ஹூஸ்டனில் பணம் திரட்டிப் பத்து ஏக்கர் நிலமே வாங்கினார்கள். வெள்ளைக்காரப் பண்ணையில் ராத்திரி முழுக்கக் குழியடியில் நின்றவர்கள் அவர்கள்தான். அந்த விருந்தை அவர்கள் தங்களுக்கென்றே சமைத்தார்கள். மதுரைப் பக்கம் கிடாவெட்டும் காதுகுத்தும் மொய்யும் இல்லாமல் கறிச்சோறு இல்லை. திருமங்கலம் அருகே கரும்பாறை முத்தையா கோயிலில் மார்கழியில் கறுப்புக் கிடாய்களை வெட்டி ஆண்கள் மட்டும் சமைத்து ஆண்கள் மட்டும் சாப்பிடுகிறார்கள். இலையை எடுப்பதில்லை, அவை காய்ந்து போகும்வரை பெண்கள் அந்தப் பக்கம் வருவதில்லை. 2003 ஆகஸ்டில் 1950ஆம் ஆண்டுச் சட்டமொன்றைத் தூசி தட்டி எடுத்துக் கோயில்களில் உயிர்ப்பலி கூடாது என்று அரசு உத்தரவிட்டது. தென்மாவட்டங்கள் முணுமுணுத்தன. 2004இல் அந்தச் சட்டமே ரத்தானது.

யார் எங்கே உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற கேள்வியை இரண்டு பக்கமும் ஒளித்துவைக்க முடியாது. அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் ஆலிஸ் பார்பக்யூ என்ற கடை. சமையலிலும் பரிமாறுவதிலும் கறுப்பினத்தவர் வேலை பார்த்தார்கள், ஆனால் அவர்கள் உள்ளே உட்கார்ந்து சாப்பிட முடியாது. வாங்கிக்கொண்டு வெளியே போக வேண்டும். 1964இல் குடிமை உரிமைகள் சட்டம் வந்ததும் கடைக்காரர் வழக்குப் போட்டார்: என் கடை உள்ளூர்க் கடை, மத்திய அரசு தலையிட முடியாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் கடைக் கணக்கைப் பார்த்தது. ஓராண்டில் வாங்கிய உணவுப் பொருளில் 46 சதவீதம், வெளிமாநிலத்திலிருந்து வந்த இறைச்சி. எனவே இது மாநிலங்களுக்கு இடையிலான வணிகம், சட்டம் பொருந்தும் என்று அந்த டிசம்பரில் தீர்ப்பானது. மனித மரியாதையைக் கறி பில்லை வைத்து நிலைநாட்டிய தீர்ப்பு என்று நான் அதை நினைப்பதுண்டு. மதுரையில் 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டோரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துப் போனார். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் சுற்றுவட்டாரக் கிராமங்களின் டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்தது. நகரத்துச் சாப்பாட்டுக் கடையில் காசு வைத்தவருக்கு இலை உண்டு என்ற நிலை, கிராமத்துப் பெஞ்சுக்கு வந்துசேர வெகு காலம் பிடித்தது. எங்கள் பக்கம் எல்லாரும் ஒரே பந்தி என்று பெருமை பேசுகிறவர்கள் எந்த ஆண்டிலிருந்து என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

ஏழைக் கறி விலையேறிப் போனதும் இரண்டுக்கும் பொது. விற்காமல் கிடந்த பிரிஸ்கெட் இன்று டெக்சஸில் விலை விசாரிக்கத் தயங்க வைக்கிறது. ஆஸ்டினில் 2009இல் ஒரு வண்டியில் ஆரம்பித்த ஃபிராங்க்ளின் கடையின் வரிசை ஒரு சுற்றுலாவாகவே ஆகிவிட்டது. 2024இல் நான்கு டெக்சஸ் பார்பக்யூ கடைகளுக்கு மிஷெலின் நட்சத்திரம் கிடைத்தது. அந்த மாநிலத்தில் பார்பக்யூவைப் பற்றி எழுதுவதற்கென்றே சம்பளம் வாங்கும் பத்திரிகை ஆசிரியர் 2013இலிருந்து இருக்கிறார். மதுரையில் ஆட்டுக்கறி விலையும் கூலிக்காரர் கையை விட்டுப் போய்விட்டது. குடலும் ரத்தமும்கூட இப்போது சும்மா கிடைப்பதில்லை. ஆனால் நம் சுக்கா மாஸ்டர்களின் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லை. கடையின் பெயர் வரும், முதலாளியின் படம் வரும். அரை நிமிஷத்தில் கல்லைச் சுரண்டுகிற கை யாருடையது என்று கேட்டு எழுதியவர் குறைவு. இந்த ஒன்றில் டெக்சஸைப் பார்த்து நாம் பழகிக்கொள்ளலாம்.

மறுபடி முள்ளுக்கு வருகிறேன். ராமநாதபுரம், விருதுநகர் பக்கத்துக் கரிமூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு டெக்சஸ் அடுப்பு அந்நியமாகத் தெரியாது. சீமைக் கருவேல விறகை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, காற்று அதிகம் போகாமல் நாள்கணக்கில் உள்ளுக்குள்ளேயே புகையவிடுவார்கள். எங்கே ஓட்டை விழுகிறது என்று பார்த்து மண் பூச ராத்திரியும் ஓர் ஆள் கூடவே இருப்பார். பங்காளி மரம், அதே மெதுவான நெருப்பு, அதே காவல். உள்ளே கறி மட்டும் இல்லை. டெக்சஸின் தென்கோடியில் பிரவுன்ஸ்வில்லில் 1955இலிருந்து இருக்கும் வேராஸ் என்ற கடையில் மாட்டுத் தலையை மண்ணுக்குள் தோண்டிய குழியில் மெஸ்கீட் தணலின் சூட்டில் இரவு முழுக்க விட்டுக் காலையில் எடுக்கிறார்கள். நம் தலைக்கறிக்காரர் அதைப் பார்த்தால் சொந்தம் கொண்டாடுவார். மதுரையில் கறி புகையைப் பார்ப்பது ஒரே இடத்தில்தான். கறிக்கடை ஓரத்தில் தலையையும் காலையும் ஊதுலைத் தீயில் வாட்டி மயிர் பொசுக்குகிற இடம். ஆட்டுக்கால் சூப்பின் அடியில் லேசாக ஒரு புகைவாடை வருமே, அது அங்கே ஏறியது. அந்த வாடை இல்லாத சூப் பாதி சூப்.

இதனால்தான் கேஸ் அடுப்பு வந்தபோது மதுரை அலட்டிக்கொள்ளவில்லை. டெக்சஸில் கேஸால் சூடேற்றி விறகைப் பேருக்கு வைக்கும் எந்திரங்கள் வந்ததும் அது பார்பக்யூவே அல்ல என்று சண்டை கிளம்பியது, இன்னும் ஓயவில்லை. இங்கே ருசி விறகில் இல்லை, இரும்புக் கல்லில் இருக்கிறது. கல்லை மாற்றிப் பூச்சுப் பூசிய தவாவில் சுக்கா போட்டுப் பாருங்கள், அன்றைக்குத் தெரியும் மதுரைக்காரர் கோபம். விறகடுப்பு என்று பலகையில் எழுதி விற்பது பிரியாணிக்காரர்கள் மட்டும்.

ஆனால் கடந்த சில ஆண்டுகளில் கருவேலங்கரி கறியைத் தேடி ஊருக்குள் வந்துவிட்டது, டெக்சஸ் வழியாக அல்ல, அரபு நாடுகள் வழியாக. புறவழிச் சாலையிலும் கல்லூரி வாசல்களிலும் அல்ஃபாம் கடைகள். டீக்கடை பாய்லருக்கும் இஸ்திரி வண்டிக்கும் போய்க்கொண்டிருந்த கரி, இப்போது கம்பிவலைக்கு நடுவில் பிளந்து கிடக்கிற கோழிக்கு அடியில் கனல்கிறது. கொழுப்பு சொட்டிக் கிளம்புகிற புகைதான் அதற்கு மணம். மேற்கு டெக்சஸ் மாட்டுக்காரர்கள் மெஸ்கீட் தணலில் செய்ததும் ஏறக்குறைய இதுவே. சாப்பிடுகிற பையன்கள் மயோனைஸ் கூடுதலாகக் கேட்கிறார்கள். பச்சை முட்டையில் செய்கிற மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ஓராண்டுத் தடை போட்ட பிறகு கடைக்காரர்கள் முட்டையில்லாததை வைத்துக் கொடுத்தார்கள். பழைய ஆட்கள் அந்தக் கடை வாசலில் நின்று, அதே கோழியைக் கல்லில் போட்டு மிளகு தூவித் தர முடியுமா என்று விசாரிப்பதும் நடக்கிறது.